கச்சான் காற்றும் இலையின் படலையும்

ஆடி மாதத்து நடுப்பகலில் மட்டக்களப்புப் பகுதியில் வாழ்ந்தோர்க்குக் கச்சானைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. படுவான்கரைப் பக்கமிருந்து வாவியைக் கடந்து அது வீசத் தொடங்கியதும், கொடியிற் போட்ட சீலை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகின்றது, உதடு வெடிக்கின்றது, முற்றத்து மணல் கண்ணில் வந்து விழுகின்றது. நாம் மேற்குப் புறத்துச் சாளரங்களைச் சாத்திவிட்டுத் திண்ணையின் மறுபக்கத்தில் ஒதுங்கிக் கொள்கின்றோம். ஆனால், வளவில் நிற்கும் மாமரத்துக்கு ஒதுங்க இடமேது? வேரூன்றிய இடத்திலேயே நின்று, ஆயிரக்கணக்கான இலைகளையும் அந்தக் காற்றுக்கு விரித்துக் கொடுத்துக்கொண்டு அது என்ன செய்கின்றது? இக்கேள்விக்கு விடை காணுமாறு என்னைத் தூண்டியவன் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனே. அவன் கதையை முதலிற் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு இதே நாட்களில், வகுப்பு முடிந்த பின்னரும் அவன் வெளியே போகாது நின்றான். "சேர், தண்ணீர் தாராளமாக ஊற்றினாலும் மாங்கன்று வளராமல் நிற்குமா?" என்று கேட்டான். அவனுடைய தகப்பனார் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர். மாதமொரு முறை வீட்டுக்கு வருபவர். மாரி மழையோடு ஓர் ஒட்டு மாங்கன்றை நாட்டி, அதற்கு நீரூற்றும் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தார். காலையும் மாலையும் கிணற்று நீரை அள்ளி அள்ளி ஊற்றியதாகப் பையன் சொன்னான். எனினும், வைகாசிக்குப் பின்னர் கன்று ஒரு சாணும் உயரவில்லை. அதே நாளில் அயல் வளவில் நாட்டப்பட்ட கன்றோ தளதளவென்று நின்றது. தகப்பனார் இரண்டையும் பார்த்தார். "நீ பொய் சொல்கிறாய், ஊற்றியிருந்தால் வளராமல் விடுமா?" என்று ஏசிவிட்டார். உண்மையை மறையாது கூறுவதானால், அவன் சொல்லக் கேட்ட எனக்கும் அந்த ஐயமே எழுந்தது. ஆயினும், சந்தேகத்தின் பேரில் ஒருவனைப் பொய்யன் என்று தீர்ப்பதற்கு முன்னர், மரத்தின் பக்கத்து நியாயத்தையும் விசாரிக்க வேண்டுமன்றோ?

முதலிற் காற்றை விசாரிப்போம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலீரத்தைச் சுமந்துகொண்டு நம் தீவின் மேற்குக் கரையை அடைகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் அது மேலெழுந்து குளிர்ந்து, தன் சுமையை மழையாக இறக்கிவிடுகின்றது. அச்சரிவிலுள்ள வட்டவளைப் பகுதி ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேலான மழையைப் பெறுவது இதனாலேயே. ஈரத்தை இழந்த காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்குகின்றது. இறங்கும் காற்று அமுக்கப்படுவதால் வெப்பமடையும். 1000 மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை செல்சியசு வெப்பம் மிகும். ஊவா மலைச்சரிவுகளையும் மட்டக்களப்புச் சமவெளியையும் அது வந்தடையும்போது மழைக்காற்றாக அன்றிக் கச்சானாக வருகின்றது. மேற்கே குடையை நனைப்பதும் கிழக்கே கொடிச்சீலையைக் காயவைப்பதும் ஒரே காற்றேயாகும்.

காற்று வெப்பமடைந்தால் அதன் தாகம் எவ்வளவு பெருகும் என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். 25 பாகை வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைக் கொள்ளவல்லது. விடியற்காலையில் அதில் 90 வீதம், அதாவது 21 கிராம் அளவில், நிறைந்திருப்பதாகக் கொள்வோம். அக்காற்று இன்னும் ஏற்கக்கூடியது 2 கிராமுக்குச் சற்று மேலானதே. அதே காற்று, உள்ளிருக்கும் நீர் சிறிதும் குறையாமல், நண்பகலில் 35 பாகைக்கு வெப்பமடைகின்றது. இப்பொழுது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 40 கிராமாகிவிடுகின்றது. 2 கிராம் தாகம் 19 கிராம் தாகமாயிற்று, எட்டு மடங்கு! ஆகவே, காற்றில் எவ்வளவு நீர் உண்டு என்பதைவிட, இன்னும் எவ்வளவு நீரை அது பறிக்கவல்லது என்பதே மரத்துக்கு முக்கியமான கேள்வி.

இனி இலையைப் பார்ப்போம். இலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் மெழுகுப் பூச்சினால் மூடப்பட்டவை. அதனூடாக நீர் எளிதில் வெளியேறாது. ஆனால், முழுதும் மூடிய வீட்டினுள் எவரும் உயிர்வாழ முடியாது. ஒளித்தொகுப்புக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு வெளிக் காற்றிலிருந்தே உள்ளே வரவேண்டும். அதற்காக இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் அமைந்துள்ளன. இலைவாய்கள் என்று பாடநூல்கள் கூறுவன இவையே. மாவிலையில் இவை பெரும்பாலும் கீழ்ப்புறத்திலேயே காணப்படும். ஒவ்வொரு துளையின் இருமருங்கிலும் அவரை விதை வடிவான இரண்டு காவற்கலங்கள் நிற்கின்றன. நமது வளவுக்கு இரட்டைப் படலை எப்படியோ, அப்படியே இலைக்கு இவை. கீல் இல்லை, தாழ் இல்லை. பொற்றாசிய உப்புகள் உள்ளே சேர, அவற்றைத் தொடர்ந்து நீர் புகுந்து கலங்கள் விம்மினால், அவை வில்போல் வளைந்து துளை திறக்கும். நீர் வடிந்து துவண்டால் துளை மூடும்.

இந்தப் படலையிலே தான் மரத்தின் வாழ்க்கைச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. இலையின் உள்வெளிகள் எந்நேரமும் நீராவியால் ஏறத்தாழ நிரம்பியவை. வெளிக்காற்றிற் காபனீரொட்சைட்டோ மிக அரிது. 10,000 பங்கில் 4 பங்கு மட்டுமே. ஆதலால், ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டை உள்ளே எடுப்பதற்காகப் படலையைத் திறக்கும் மரம், சில நூறு மூலக்கூறு நீரை வெளியே விட்டுவிட நேர்கின்றது. திறந்தால் தாகம், மூடினால் பசி. காற்றின் வறட்சி எட்டு மடங்கானபோது படலையை அகலத் திறந்து வைத்திருப்பது, ஓட்டை வாளியால் நீரிறைப்பது போன்றதாகும்.

"வேரடியில் நீர் உண்டே, போகிற நீர் போகட்டும், வேர் உறிஞ்சிக் கொடுக்காதா?" என்று வாசகர்கள் வினவலாம். அங்கேயும் ஒரு தடை உண்டு. நீர் மரத்தினுள் தள்ளப்பட்டு ஏறுவதன்று. இலையிலிருந்து ஆவியாகும் நீர், தனக்குக் கீழுள்ள நீரை ஒரு நூலைப்போல் மேலே இழுக்கின்றது. 1894 ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறிஞர்களான டிக்சன், ஜோலி என்போர் இக்கொள்கையை வெளியிட்டனர். இழுவை அளவு மீறினால் காற்றுக்குமிழி புகுந்து அந்த நீர்நூல் அறுந்துபோகும். அறுந்த குழாய் மீண்டும் பயன்படுவது அரிது. ஆகவே, கேணி நிறைய நீரிருந்தாலும், நூலின் வலிமைக்கு மேல் அள்ள முடியாது. கேணி வற்றுவதற்காக மரம் காத்திருப்பதில்லை. நூல் அறுமுன்னரே படலையைச் சாத்திக்கொள்கின்றது.

இலைவாய் வறண்ட காற்றை உணர்ந்து ஒடுங்குகின்றது என்பதைப் பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சாள்சு டார்வினின் மைந்தரான பிரான்சிசு டார்வின் 1898 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். அவர் கையாண்ட கருவி மெல்லிதாகச் சீவிய கொம்புத் துண்டு ஒன்றே. ஈரம் பட்டால் வளையும் அத்துண்டை இலைமீது வைத்து, இலை எவ்வளவு ஆவியை விடுகின்றது என்று கண்டறிந்தார். ஆயினும், பலர் இதனை வேறுவிதமாக விளக்கினர்: வறண்ட காற்றினால் இலை முழுவதும் நீரிழந்து வாடுகின்றது, வாடியதனால் இலைவாயும் மூடுகின்றது என்றனர். இலை வாடுமுன்னரே படலை மூடுமா, வாடிய பின்னர்தான் மூடுமா என்பதே வழக்காயிற்று.

இவ்வழக்கைத் தெளிவித்தவர்கள் ஜேர்மானிய அறிஞரான லாங்கேயும் அவருடைய குழுவினருமாவர். 1971 இல் வெளியான அவர்களது சோதனை வியப்புக்குரியது. ஒரு பன்னத்தாவரத்தின் இலையிலிருந்து தோலை மட்டும் உரித்தெடுத்து, உட்புறம் ஈரமாக இருக்கும்படி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார்கள். பின்னர், மயிரிழை போன்ற குழாயினால் ஒரேயொரு இலைவாயின்மீது வறண்ட காற்றை ஊதினார்கள். அந்த ஒன்று மூடிக்கொண்டது. அருகிலிருந்தவை திறந்தபடியே இருந்தன. ஈரக்காற்றை ஊதியபோது மூடியது மீண்டும் திறந்தது. ஒவ்வொரு படலைக்கும் தனித்தனி உணர்ச்சி இருந்ததை அவர்கள் கண்டார்கள்.

அடுத்த ஆண்டில் அதே குழுவினர் நெகேவ் பாலைவனத்தில் அப்பிரிக்கொட் பழமரங்களை ஆராய்ந்தனர். காற்று வறண்டபோது இலைவாய்கள் ஒடுங்கின. அப்பொழுது இலையினுள் நீர் குறையவில்லை, கூடியது! ஈரக் காற்றில் அவை திறந்தன. அப்பொழுது இலையின் நீர் குறைந்தது. இலை வாடியதனால் மூடியது என்று இனி எவ்வாறு கூறுவது? வீட்டிலே நெல் தீர்ந்த பின்னர் கையைச் சுருக்கும் குடும்பத்தலைவி அல்லள் இவள். பஞ்சம் வரும் அறிகுறி கண்டவுடனேயே படியைக் குறைத்து அளக்கும் குடும்பத்தலைவி.

இலை இதை எப்படி அறிகின்றது? அமெரிக்க அறிஞர்களான மொட், பாக்கேசுட்டு என்போர் 1991 இல் ஒரு சூழ்ச்சி செய்தனர். காற்றிலுள்ள நைதரசனுக்குப் பதிலாக ஈலியம் என்னும் இலேசான வாயுவைக் கலந்தார்கள். அக்கலவையில் நீராவி இரண்டு மடங்குக்கும் மேலான விரைவிற் பரவும். ஈரப்பதன் மாறாதிருந்தும் இலை நீரை விரைவாக இழந்தது, இலைவாயும் ஒடுங்கியது. ஆகவே, இலை உணர்வது காற்றின் ஈரப்பதனையன்று; தன்னிடமிருந்து நீர் வெளியேறும் வேகத்தையே என்பது புலனாயிற்று. அவ்வேகம் காவற்கலங்களை எந்த வழியால் எட்டுகின்றது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காவற்கலங்கள் நேராக நீரிழந்து துவள்கின்றன என்பர் சிலர். இலையினுள் அப்சிசிக்கமிலம் என்னும் ஓமோன் சில நிமிடங்களிற் பெருகி, உப்புகளை வெளியேற்றிப் படலையைச் சாத்துகின்றது என்பர் வேறு சிலர். பன்னங்களில் முன்னையதும், பூக்குந் தாவரங்களில் பின்னையதும் மேலோங்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

இத்தகைய படலையடைப்பு மனிதருடைய வருவாயையும் தொடுவதாகும். ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் முலாஞ்சிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், மழைக்கு முந்திய வெப்ப மாதங்களில் நீர் பாய்ச்சினார்கள். எதிர்பார்த்த கொழுந்து கிடைக்கவில்லை. மண் ஈரமாயிருந்தும் காற்றின் வறட்சி வளர்ச்சியைத் தடுத்துவிட்டது என்பதை 1970களிலும் 1980களிலும் நடந்த ஆய்வுகள் வெளிப்படுத்தின. நம் ஊவாத் தோட்டங்களிலும் இக்காற்றுக் காலத்திற் கொழுந்து குறையும். ஆனால் அதன் மணம் சிறந்து, விலை உயரும். துன்பத்தை மணமாக்கும் அப்பேறு மாங்கன்றுக்கு இல்லை. அது பசியோடு காத்திருக்கும், அவ்வளவே.

இவற்றையெல்லாம் படித்தபின், பையனையும் அழைத்துக்கொண்டு அவன் வளவுக்குப் போனேன். எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து கோபாற்றுக் குளோரைட்டுத் தாளையும் சில கண்ணாடித் துண்டுகளையும் கொண்டுசென்றோம். இத்தாள் காய்ந்திருக்கையில் நீலம். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. (இது நஞ்சுத்தன்மையுடையது, சிறுவர்கள் வீட்டில் தாமாகக் கையாளத்தக்கதன்று.) காலை எட்டு மணிக்கு இலையின் கீழ்ப்புறத்தில் தாளை வைத்து மூடினோம்; விரைவிலேயே சிவந்தது. நண்பகலில், வேரடி மண் கைக்கு ஈரமாயிருக்கும்போதே மீண்டும் வைத்தோம். நீலம் நீங்க நெடுநேரம் சென்றது. படலை ஒடுங்கியிருந்தது! பின்னர் அயல் வளவுக்குச் சென்று, அங்கு நின்ற கன்றிலும் சோதித்தோம். அங்கே தாள் அவ்வளவு தாமதிக்கவில்லை.

இரு வளவுகளுக்கும் என்ன வேற்றுமை என்று நான் கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அயல் வளவின் மேற்குப் புறத்தில் அடர்ந்த பூவரசு வேலி நின்றது. இவர்களுடைய மேற்கு வேலியையும் முன்னர் பூவரசே காத்திருந்தது. அதை வெட்டிவிட்டு முள்ளுக்கம்பி அடித்தவர் தகப்பனாரே. வேலி நின்றிருந்தால், காற்றின் வேகம் தணியும். மரங்கள் விடும் ஈரமூச்சு வளவினுள்ளேயே சற்றுத் தங்கும். இலையைச் சூழ்ந்த காற்று அவ்வளவு தாகங்கொள்ளாது. கம்பியினூடாகக் கச்சான் தடையின்றி வந்து அந்த ஈரத்தை வாரிச் சென்றது. இதைப் பையன் ஊகித்திருந்தான் என்றே நினைக்கின்றேன். ஆனால், "அப்பா, நீங்கள் வேலியை வெட்டியதனால்தான்" என்று பதினைந்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்வான்?

நான் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு நாட் சோதனை எதையும் முடிவாக நிலைநாட்டாது என்பதையும், கன்றின் வளர்ச்சிக்குப் பிற காரணங்களும் இருக்கலாம் என்பதையும் மறையாது குறிப்பிட்டேன். ஆயினும், நீரூற்றியும் கன்று வளராதிருப்பது இயலக்கூடியதே. பையன் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். வேலியைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதினேன். அடுத்த மாதம் அவரே கல்லூரிக்கு வந்தார். சிறிது நேரம் வேறு செய்திகளைப் பேசிவிட்டு, விடைபெறும்போது, "மாஸ்டர், பூவரசங் கதியால் எந்த மாதம் நாட்டினால் பிழைக்கும்?" என்று கேட்டார். மகனிடம் என்ன கூறினாரோ நான் அறியேன். ஐப்பசி மழையோடு தகப்பனும் மகனுமாகக் கதியால் நாட்டியதை மட்டும் கண்டேன்.

இச்சிறு கதை ஒரு வளவோடு முடிவதன்று. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 7 வீதம் கூடும். உலகம் வெப்பமடைந்து வருகின்றது. அதனோடு காற்றின் தாகமும் வளர்கின்றது. 1990களின் இறுதியிலிருந்து இத்தாகம் உலகின் பெரும்பகுதியில் மிகுந்துள்ளதையும், அதனால் தாவரங்களின் வளர்ச்சி தளர்ந்துள்ளதையும் 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மழை குறையாத ஊரிலும் மரம் பசித்திருக்கும் காலம் இது. இந்நிலையில், நிற்கின்ற உயிர்வேலிகளையும் வெட்டி மதிலும் கம்பியும் எழுப்புகின்றோம்.

மழையை அழைக்க நம்மால் இயலாது. கச்சானைத் தடுத்து நிறுத்தவும் இயலாது. ஆனால், கன்றுக்கு மேற்கே ஒரு கிடுகுத் தட்டி கட்டலாம். நீரைக் காலையிலோ மாலையிலோ ஊற்றி, வேரடியைச் சருகினால் மூடலாம். மேற்கு வேலியில் நிற்கும் பூவரசைக் கத்தி எடுக்குமுன் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வளராத கன்றைக் கண்டதும் நீரூற்றியவரைக் குறைகூறுமுன், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகின்றது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டும் கச்சான் வீசுகின்றது. நாட்டிய கதியால்கள் துளிர்த்து இடுப்பளவுக்குத் தழைத்திருக்கின்றன. வேலியாவதற்கு இன்னும் சில மாரி செல்லவேண்டும். அதுவரைக்கும் பையன் கன்றின் மேற்கே கிடுகு கட்டியிருக்கின்றான். நேற்று நான் அவ்வழியாகச் சென்றபோது அவன் நீரூற்றிக்கொண்டிருந்தான். விடுமுறையில் வந்திருந்த தகப்பனார் கிணற்றிலிருந்து அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.